ஜியு-ஜிட்சு கற்கப் போகிறீர்களா? தற்காப்பு வகுப்பா, போட்டி வகுப்பா

போன மாதம் ஒரு ராத்திரி சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணா, ஆபீஸ் பக்கத்துல ரெண்டு ஜியு-ஜிட்சு கிளாஸ் இருக்கு. ஒரு இடத்துல 'தற்காப்பு'ன்னு பெரிய போர்டு. இன்னொரு இடத்துல சுவர் முழுக்க மெடலா மாட்டி வச்சிருக்காங்க. எதுல சேரட்டும்?"

அவளுக்கு வேலை முடிய இரவு பத்து மணி ஆகும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. மெடல் ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. அப்படியானால் தற்காப்பு வகுப்புதான் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லவில்லை. இரண்டு இடத்துக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன்.

ஆளைப் பிடித்துத் தரையில் அமுக்கி, பூட்டு போட்டோ கழுத்தை நெரித்தோ அடக்கும் இந்த வித்தையை ஏழு வருடமாக வாரத்தில் மூன்று மாலை பயில்கிறேன். முதல் நான்கு வருடம் போட்டிக்கென்றே தயார் செய்யும் ஒரு பள்ளியில் இருந்தேன். பிறகு வேலை மாறி வேறு பகுதிக்கு வந்ததில், தற்காப்பை முன்னால் வைக்கும் சின்னப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். இரண்டிலும் எனக்குக் கிடைத்ததும் கிடைக்காமல் போனதும் உண்டு. அவளுக்குச் சொன்னதையும் போனில் சொல்லி முடிக்காததையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரே வித்தை இரண்டான கதை

இன்று நாம் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்று சொல்வதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1882இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ பழைய ஜுஜுட்சு மரபுகளிலிருந்து ஜூடோவை உருவாக்கினார். அவருடைய பள்ளியில் தேறிய மிட்சுயோ மயேடா, நாடு நாடாகப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டே 1914இல் பிரேசிலுக்கு வந்து, பிற்பாடு பெலேம் நகரில் தங்கிவிட்டார். அவர் வழியில் வந்த பாடத்தைக் கற்ற கார்லோஸ் கிரேசி 1925இல் ரியோ டி ஜெனிரோவில் பள்ளி திறந்தார். கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரர். பலசாலியோடு மல்லுக்கு நிற்க அவரால் ஆகாது. அதனால் குறைந்த பலத்தில் உடம்பை நெம்புகோல் போலப் பயன்படுத்தும் வழிகளில் அவர் கவனம் போனது.

அந்தக் காலத்து கிரேசி பள்ளியில் பாடம் முழுக்கத் தற்காப்புதான். கழுத்தைப் பிடித்தால் என்ன செய்வது, பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் எப்படி விடுபடுவது, குத்த வருகிறவனை எப்படி நெருங்கி அணைத்துக் கீழே கொண்டுபோவது. இதெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்கள் வெளியாட்களைச் சண்டைக்கு அழைத்தார்கள். தோற்றதும் உண்டு. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ஹீலியோவின் கையை முறுக்கி உடைத்தார். ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தார். கடைசியில் அவர் பக்கத்து ஆட்கள்தான் துண்டை வீசி நிறுத்தினார்கள். அந்தக் கைப்பூட்டுக்கு இன்றும் உலகம் முழுக்கக் கிமுரா என்றுதான் பெயர். தங்களைத் தோற்கடித்தவரின் பெயரையே பூட்டுக்கு வைத்துக்கொண்ட அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த வித்தை மீது தனி மரியாதை.

போட்டி முறையாக வந்தது 1967இல். பிரேசிலின் குவானபாரா மாநிலத்தில் ஒரு கூட்டமைப்பு உருவாகி, புள்ளிக் கணக்கும் விதிகளும் எழுதப்பட்டன. 1994இல் கார்லோஸ் கிரேசி ஜூனியர் தேசியக் கூட்டமைப்பை அமைத்தார். 1996இல் ரியோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது.

அந்தப் புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு விவாதமும் அதற்குள் இருக்கிறது. எதிராளியைக் கீழே தள்ளினால் 2. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் புரட்டிப் போட்டால் 2. வயிற்றில் முழங்காலை ஊன்றினால் 2. கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் போய் அமுக்கினால் 3. நெஞ்சின் மேல் ஏறி உட்காரும் மவுண்ட் நிலைக்கு 4. முதுகில் ஏறிக் கால்களைக் கொக்கி போல மாட்டினால் 4. எதையும் 3 நொடி நிலைநிறுத்திக் காட்ட வேண்டும். இந்த எண்கள் எங்கிருந்தோ குதிக்கவில்லை. மவுண்டில் இருப்பவர் தாராளமாகக் குத்தலாம், கீழே கிடப்பவரால் திருப்பிக் குத்த வலு கிடைக்காது. முதுகில் ஏறியவரைக் கண்ணால் பார்க்கவே முடியாது. சண்டையில் எந்த நிலை எவ்வளவு ஆபத்து என்று பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் அவர்கள் எண்ணாக எழுதி வைத்தார்கள்.

மவுண்ட் என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம். கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் தவிர ஏறக்குறைய எதற்கும் தடையில்லாமல், வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் மோதிக்கொண்ட முதல் யுஎஃப்சி போட்டி. ஹீலியோவின் மகன் ராய்ஸ் சுமார் 80 கிலோ எடையில் ஒல்லியாக வந்து நின்றார். அவரோடு மோதிய தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் கீழே விழுந்து, நெஞ்சின் மேல் ராய்ஸ் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கழுத்தும் நெரிக்கப்படவில்லை, கையும் பூட்டப்படவில்லை. அங்கிருந்து வெளியே வரும் வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அதே இரவில் இன்னும் இரண்டு பேரை ராய்ஸ் கழுத்தை நெரித்து வென்றார். அவர் பயன்படுத்தியது எல்லாம் புது மாணவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம்.

போட்டிக்காரர்கள் எங்கே விலகிப் போனார்கள்

விதி என்று ஒன்று வந்துவிட்டால், அந்த விதிக்குள் எது லாபமோ அது வளரும். குத்து கிடையாது, ஆளைத் தூக்கித் தரையில் அறைவது தடை, ஒருவருக்கு ஒருவர்தான், கீழே மெத்தென்ற மேட். அப்புறம் தானாகவே தரையில் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்குவதில் என்ன நஷ்டம்? எதிராளியின் உடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சில ஆட்டங்களில் இரண்டு பேருமே ஒரே நேரத்தில் உட்காருவதைப் பார்க்கலாம். அங்கிருந்து பயிற்சி அங்கியின் மடிப்பை எதிராளியின் காலைச் சுற்றி முடிச்சு போடுவது, பெரிம்போலோ என்று தலைகீழாகச் சுழன்று முதுகில் ஏறுவது என்று வித்தை விரிந்துகொண்டே போகிறது. அழகு என்று பார்த்தால் அதற்கு ஈடு கிடையாது. போட்டிச் சாம்பியன்களான மெண்டஸ் சகோதரர்கள் பெரிம்போலோ போடுவதை மணிக்கணக்கில் பார்த்து ரசித்தவன் நான்.

ஆனால் நான்கு வருடம் அப்படிப் பயின்றதில் எனக்குள் என்னென்ன பழக்கம் ஊறியிருந்தது என்று சின்னப் பள்ளியின் முதல் வாரத்திலேயே தெரிந்தது. ஆசிரியர் ஒரு புது மாணவனுக்குக் குத்துச்சண்டை கையுறை மாட்டிவிட்டு, "மெதுவாகத்தான், ஆனால் முகத்தைப் பார்த்து அடி" என்றார். நான் வழக்கம்போல உட்கார்ந்து, கால்களால் அவனைத் தள்ளி வைத்து, சட்டைக் கையைப் பிடிக்கப் போனேன். பத்து நொடியில் மூன்று அடி முகத்தில் விழுந்தது. போட்டியில் எனக்குப் பாதுகாப்பாக இருந்த அதே இடைவெளி, குத்துக்கு மிகச் சரியான தூரம். ஒன்று அவனுக்கு எட்டாத தூரத்தில் காலை நீட்டி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி அணைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கவே கூடாது. நான் நான்கு வருடமும் அந்த நடுவில்தான் வாழ்ந்திருந்தேன்.

இன்னும் சில உண்டு. புள்ளி கொடுக்கக் கூடாது என்பதற்காகக் குப்புறச் சுருண்டு ஆமை போலக் கிடப்பது போட்டியில் சரியான தந்திரம். சாலையில் அது பிடரியை எடுத்து நீட்டுவது. கால்களுக்கு நடுவில் ஒருவனைப் பிடித்து, கால்களாலேயே கழுத்தை நெரிக்கும் முக்கோணப் பூட்டு போடும்போது அவன் தூக்கி அறைய மாட்டான் என்ற நம்பிக்கை விதி கொடுத்தது, தார்ச்சாலை கொடுக்காது. கனத்த பருத்தி அங்கியின் கைப்பிடிப்பை நம்பிய நுட்பங்கள் டீ-ஷர்ட் போட்டவனிடம் நழுவிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே ஒருவன்தான் இருக்கிறான் என்ற நினைப்பு. அவனுடைய கூட்டாளி பக்கத்தில் நின்றால், நீங்கள் எவ்வளவு அழகாகத் தரையில் பூட்டு போட்டாலும் உங்கள் தலை அவன் காலுக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும்.

போட்டிகளிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1998இல் அபுதாபியில் ஷேக் தஹ்னூன் தொடங்கிய ஏடிசிசி போட்டியில் அங்கி கிடையாது. ஆட்டத்தின் முதல் பாதியில் புள்ளியே எண்ணுவதில்லை. புள்ளி எண்ணத் தொடங்கிய பிறகு தானாக உட்கார்ந்தால் ஒரு புள்ளி குறையும். அதனால் அங்கே நின்று மல்யுத்தம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மவுசு அதிகம். அந்த வகைப் பயிற்சி கொடுக்கும் போட்டிப் பள்ளி அமைந்தால், தெருவுக்கும் அதற்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்துவிடும்.

அப்படியும் போட்டிப் பள்ளியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது

காரணம் கானோவிடம் இருக்கிறது. பழைய ஜுஜுட்சு பள்ளிகளில் கண்ணைக் குத்துவதும் எலும்பை உடைப்பதும் பாடத்தில் இருந்தன. அதை யார் மீதும் முழு வேகத்தில் செய்து பார்க்க முடியாது. எனவே அசைவுகளை வரிசையாகச் செய்து காட்டுவதோடு பாடம் பெரும்பாலும் நின்றது. கானோ ஆபத்தானவற்றை ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டு பேரும் முழுப் பலத்தோடு, முன்னேற்பாடு இல்லாமல், தினமும் மோதிப் பழகும் முறையை நடுவில் வைத்தார். பட்டியலில் நுட்பங்கள் குறைந்தன. இருந்தவை கைக்கு வந்தன.

இதை மறந்துவிட்டுத்தான் 'தெருவில் வேலை செய்யும் கொடிய நுட்பங்கள்' என்று பல இடங்களில் விற்கிறார்கள். என் அலுவலகத் தோழி ஒருத்தி இரண்டு நாள் தற்காப்புப் பட்டறை ஒன்றுக்குப் போய் வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தால் திருப்பி விடுவிப்பது, கத்தியைத் தட்டிப் பறிப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்களாம். மிகுந்த உற்சாகத்தில் என்னிடம் கையை நீட்டி, பிடித்துப் பார்க்கச் சொன்னாள். நான் விடாமல் பிடித்தேன். அவள் திருப்பினாள், நான் கூடவே நகர்ந்தேன். பட்டறையில் கூட இருந்தவர் திருப்பியதும் விட்டுவிட்டார், ஏனென்றால் விட வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் அவள் மேல் அல்ல. அந்த நம்பிக்கையோடு அவள் ஒரு இருட்டுச் சந்துக்குள் நடந்திருப்பாளே என்பதுதான்.

போட்டிப் பள்ளியில் இந்த ஏமாற்று நடக்க வழியில்லை. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அரை மணி நேரமாவது விட மாட்டேன் என்று பிடிக்கும் ஒரு உடம்போடு மோதுகிறீர்கள். உங்கள் நுட்பம் பொய் என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். 90 கிலோ ஆள் நெஞ்சின் மேல் உட்கார்ந்து மூச்சு முட்டும்போது பதறாமல் இடுப்பை உயர்த்தி வழி தேடுவது, நூறு முறை அந்த நிலையில் கிடந்தவருக்கு மட்டும்தான் வரும்.

போட்டி நாள் தரும் இன்னொன்றை வேறெங்கும் பெற முடியாது. என் முதல் போட்டியில், தொடக்கநிலையான வெள்ளைப் பெல்ட் ஆட்டம் ஐந்து நிமிடம். முதல் ஒரு நிமிடத்துக்குள் முன்கைகள் கல்லாகிவிட்டன, வாய் வறண்டது, கூட நின்ற பயிற்சியாளர் கத்தியது ஒன்றும் காதில் விழவில்லை. பெயர் தெரியாத ஒருவன் என்னைத் தோற்கடிக்கவே வந்து நிற்கிறான் என்றதும் உடம்பு அப்படி ஆகிவிடுகிறது. மூன்றாவது போட்டிக்குப் பிறகு அதே படபடப்பு வந்தது, ஆனால் அதோடு வேலை செய்யவும் முடிந்தது. தெருவில் பயம் தாக்கும்போது உடம்பு செய்வதற்கு மிக நெருக்கமாக நான் அனுபவித்தது இதைத்தான்.

எதிராளி யார் என்பதையும் யோசிக்க வேண்டும். போட்டியில் எதிரே நிற்பவருக்கும் நீங்கள் கற்ற அடிப்படை எல்லாம் தெரியும். அதனால்தான் நுட்பங்கள் அவ்வளவு சிக்கலாகின்றன. தெருவில் வருகிறவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அவனிடம் பெரிம்போலோ தேவைப்படாது, ராய்ஸ் டென்வரில் செய்தது போதும். ஆனால் அவன் கண்டபடி கைகளை வீசுவான், தலைமுடியைப் பிடிப்பான், கடிப்பான். பள்ளியில் அதற்கு நெருக்கமாக வருபவர் முதல் நாள் வந்த புது மாணவர்தான். அவர் எங்கே கை வைப்பார், எப்படித் துள்ளுவார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்கு அடுத்த நீல பெல்ட் வாங்கியவர்கள் இந்தப் புது மாணவர்களைத் தவிர்த்து ஒதுங்குவார்கள். தற்காப்புக்காகக் கற்பவர் அவர்களைத் தேடிப் போய் மோத வேண்டும்.

இன்னொன்று, அடிப்படை வேறு, போட்டி வேறு என்று பிரிப்பதும் முழு உண்மை இல்லை. உலகச் சாம்பியன் பட்டத்தைப் பத்து முறை வென்ற ரோஜர் கிரேசியின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மவுண்டில் ஏறி, அங்கியின் கழுத்துப் பட்டையைக் குறுக்காகப் பிடித்து நெரிக்கும் ஒரே ஒரு பிடி. முதல் மாதப் பாடம் அது.

நல்ல தற்காப்பு வகுப்பு எப்படி இருக்கும்

ஹீலியோவின் பேரன்கள் ரைரானும் ரெனரும் நடத்தும் பள்ளியில் புதியவர்களுக்கு முதலில் 36 நுட்பங்கள் கொண்ட ஒரு பாடத்திட்டம் உண்டு. மவுண்டிலிருந்து வெளியே வருவது, கால்களுக்கு நடுவில் ஒருவனைப் பிடித்து வைத்துக் குத்துகளைத் தடுப்பது, தலையைக் கக்கத்தில் அமுக்கினால் விடுபடுவது என்று எல்லாமே, எதிராளி குத்துவான் என்ற எண்ணத்தோடு கற்பிக்கப்படும். மனதில் ஒரு வரிசை பதிகிறது: விலகு, முடியாவிட்டால் ஒட்டு, கட்டுப்படுத்து, எழுந்து ஓடு. இதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் வந்தால் ஆறேழு மாதத்தில் கையில் இருக்கும். போட்டிப் பள்ளியில் அதே ஆறு மாதத்தில் என்னென்ன கற்பீர்கள் என்பது அந்த வாரம் ஆசிரியர் எதில் ஆர்வமாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இதன் குறையும் தெரிந்ததே. மோதல் பயிற்சியைத் தள்ளிப்போட்டு, பழக்கமான ஜோடியோடு ஒப்பித்துக்கொண்டே இருந்தால் பட்டறைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. கத்தியைப் பறிப்பதை வாரம் ஒரு முறை செய்து காட்டும் பள்ளி என்றால் எனக்குச் சந்தேகம்தான். மார்க்கர் பேனாவைக் கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, 'கத்தி' வைத்திருப்பவர் விட்டுக்கொடுக்காமல் குத்தட்டும் என்று ஒரு முறை செய்து பாருங்கள். சட்டை முழுக்கக் கோடு விழும். கத்தியைக் கண்டால் பர்ஸைக் கொடுத்துவிட்டு ஓடுவதுதான் பாடம்.

பெண்களுக்காக யோசிக்கும்போது இன்னொரு தகவல் முக்கியம். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் அடுத்த ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு ஆளானோர் 5.2 சதவீதம். பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம். பன்னிரண்டே மணி நேரம். அதிலும் அடித்து விடுபடும் பயிற்சி ஒரு பகுதிதான். மீதி நேரம் தெரிந்த ஆணிடமிருந்தே வரும் ஆபத்தை முன்கூட்டியே உணர்வதற்கும், 'தப்பாக நினைத்துக்கொள்வாரோ' என்ற தயக்கத்தை உடைத்துச் சத்தம் போடுவதற்கும் போனது. மேட் மீது எத்தனை மெடல் வாங்கினாலும் போட்டிப் பள்ளி இதைச் சொல்லித் தராது. தற்காப்பு என்று பலகை மாட்டியவர்கள் பலரும் சொல்லித் தருவதில்லை என்பது வருத்தம்.

மறுபக்கமும் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரியெட்டா நகரக் காவல்துறை 2019இல் புதிதாகச் சேரும் காவலர்களை ஊரில் உள்ள சாதாரண ஜியு-ஜிட்சு பள்ளிக்கே அனுப்பத் தொடங்கியது. அத்துறையே வெளியிட்ட கணக்கின்படி, பலப்பிரயோகத்தின்போது காவலர்களுக்கு ஏற்படும் காயம் 48 சதவீதமும், பிடிபடுபவர்களுக்கு ஏற்படும் பலத்த காயம் 53 சதவீதமும் குறைந்தது. ஒரே ஊரின் கணக்கு, அதுவும் அவர்களே எடுத்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதில் பிடித்தது, அடிக்காமல் பிடித்து வைக்கத் தெரிந்தால் இரண்டு பக்கமும் அடி குறைகிறது என்பது.

நம் ஊர்ச் சட்டத்தோடும் அது பொருந்துகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. கழுத்தின் இரு பக்க ரத்த ஓட்டத்தையும் சரியாக அடைத்தால் பத்து நொடிக்குள் ஒருவர் மயங்கிவிடலாம். அதற்குப் பிறகும் பிடியை விடாவிட்டால் அது தற்காப்பு இல்லை, உயிரையே எடுத்துவிடும். எப்போது விடுவது என்பதை மேட் மீது தினமும் தட்டுவதும் தட்டியதும் விடுவதுமாகக் கழித்தவர்களுக்கு உடம்பே சொல்லும்.

காயம் இரண்டிலும் உண்டு. ஹவாயில் 2005 முதல் 2011 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்ததில், ஆயிரம் பங்கேற்புக்கு 9.2 காயம் என்று வந்தது. அதில் முழங்கைக்குத்தான் அடி அதிகம். போட்டிக்குத் தயாராகும் மாதங்களில் விரல், முழங்கால், கழுத்து எல்லாம் பதம் பார்க்கப்படும். நம் புழுக்கத்தில் படர்தாமரை வேறு. வகுப்பு முடிந்த கையோடு குளிக்க இடம் இல்லாத பள்ளி என்றால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

அப்படியானால் யாருக்கு எது

ஆறு மாதம்தான் ஒதுக்க முடியும், அதற்கு மேல் உறுதி இல்லை என்றால், மோதல் பயிற்சி உள்ள தற்காப்பு வகுப்பு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்குபவர்களுக்கும் அதுதான். தினமும் காலையில் வலியோடு எழுந்து வேலைக்குப் போகும் விலையை அவர்கள் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் பழகுவீர்கள், உடம்பும் இளமையாக இருக்கிறது என்றால் போட்டிப் பள்ளி. அங்கேயே வாரம் ஒரு நாள் கையுறை போட்டுப் பழகவும், நின்ற நிலையில் தொடங்கவும் ஒரு ஜோடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிப்படை மோதல் கைக்கு வந்தவருக்குக் குத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சில மாதம் போதும். எனக்கு அப்படித்தான் ஆனது. மோதியே பார்க்காமல் இரண்டு வருடம் நுட்பம் ஒப்பித்தவர் எதிர்த்திசையில் போக நெடுநாள் ஆகும். உங்கள் ஊரில் ஒரே ஒரு பள்ளிதான், அதுவும் போட்டிப் பள்ளி என்றால் யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள்.

பிள்ளைகளையும் போட்டிப் பக்கம்தான் அனுப்புவேன். பள்ளிக்கூடத்துச் சண்டையில் குத்தாமல் பிடித்து அமுக்கிவைக்கத் தெரிவதும், தோற்று அழுதுவிட்டு மறுவாரம் திரும்பி வருவதும் அங்கே தானாக வரும்.

தங்கை இரண்டு இடமும் பார்த்துவிட்டு வந்தாள். பலகை மாட்டிய இடத்தில் ஒரு மணி நேரம் ரப்பர் கத்தியைத் தட்டிவிட்டார்களாம், யாருக்கும் வேர்க்கவே இல்லையாம். மெடல் மாட்டிய இடத்தில் அவள் வயதே ஆன நீல பெல்ட் பெண் ஒருத்தி இரண்டு நிமிடம் அவளை அசையவிடாமல் அமுக்கி வைத்துவிட்டு, அப்புறம் எப்படி வெளியே வருவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாளாம். "ஆனா அண்ணா, கிளாஸ் முழுக்க யாரும் நிக்கவே இல்ல. எல்லாம் முட்டி போட்டே நடக்குது" என்றாள்.

மெடல் மாட்டிய இடத்தில் சேரச் சொன்னேன். சனிக்கிழமை காலை மட்டும் எங்கள் பள்ளிக்கு வருகிறாள். போன வாரம் தரையிலிருந்து எழுவதைப் பழகினோம்: ஒரு கை பின்னால் ஊன்றி, மறு கை முகத்துக்கு முன்னால், ஒரு காலால் எதிராளியைத் தள்ளி நிறுத்தி, மறு காலைப் பின்னால் இழுத்து எழுவது. டிராக் பேண்டில் நன்றாக வந்தது. அலுவலக உடையில், தோள்பையோடு செய்து பார்க்கிறேன் என்று அவளே கேட்டாள். முதல் முறை துப்பட்டா அவள் காலுக்கு அடியிலேயே சிக்கிக்கொண்டது. இப்போது இரவு அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறாளாம்.